முன் பிறேக்கில எயார் எடுத்த கதை

கோணேசர் கோயில் இறக்கத்தில வரேக்க பைக்கின்ர முன் பிறேக் லீவர் கைப்பிடி வரைக்கும் வந்திட்டுது, மூண்டு தரம் பம்ப் பண்ணினாத்தான் பிடிக்குது, சும்மா உயிர் போய் வந்துது. வீட்ட வந்து மேல இருக்கிற பிறேக் ஒயில் டப்பாவைத் திறந்தா ஒயில் பிளேன்ரீ நிறம். டொட் 4 ஒயில் ஈரத்தை இழுக்கும், புதுசு கொதிக்காமல் குறைஞ்சது 230 பாகை தாங்கோணும், தண்ணி சேந்தா 155 வரைக்கும் இறங்கலாம், எங்கட கடற்காத்துக்குக் கேக்கவே வேணாம்.

ஒயிலுக்குள்ள சிக்கின எயாரை வெளிய விடுற திருகாணி, அதுதான் நிப்பிள், துருப்பிடிச்சு இறுகிக் கிடந்துது. டிஸ்க்கில படாமல் துணி சுத்தி துரு இளக்கிற ஒயில் ரெண்டு சொட்டு விட்டு, அடுத்தநாள் 8 ரிங் ஸ்பானரால மெதுவாத் திருப்பினன். மச்சான் லீவரை அமத்திப் பிடிக்க நான் கால் சுத்து திறந்து மூடினன், மூடினாப் பிறகுதான் கை விடோணும், அவன் முந்தி விட்டு எயார் திரும்பப் போய், கதைச்சுக்கொண்டிருந்ததில டப்பாவும் வத்தி, முதல்ல இருந்து தொடங்கினம்.

அப்பவும் கொஞ்சம் மெத்துமெத்து. லீவரை இழுத்து பழைய டியூப் துண்டால கட்டி இரவு விட்டன், காலமை கல்லு மாதிரி. டாங்கில சிந்தினதை உடன தண்ணி ஊத்திக் கழுவாததால பெயின்ட் உரிஞ்சது வேற கதை.