நள்ளிரவுக்கு மேல் மட்டும் நின்றுபோன மவுண்ட்

கொல்லைப்புறத்து வானோக்கு அறையில் தொலைநோக்கியைத் தாங்கி மோட்டாரால் திருப்பும் மவுண்ட் திடீர் திடீரென்று ரீசெட் ஆகிக்கொண்டிருந்தது. பகலில் எவ்வளவு சோதித்தாலும் ஒழுங்காக ஓடும். நள்ளிரவு தாண்டினால் போச்சு.

முதலில் யூ.எஸ்.பி. கேபிளை மாற்றினேன். அப்புறம் மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி நிறுவினேன். புது 12 வோல்ட் அடாப்டரும் வாங்கினேன். அது வீண் செலவு. மல்டிமீட்டரில் மவுண்ட் முனை 12.1 வோல்ட் காட்டியதால் வயரைச் சந்தேகிக்கவே இல்லை.

நான் கவனிக்கத் தவறியது இதுதான்: பிளக்கைக் கழற்றி, லோடு இல்லாமலே, அதாவது கருவி எதுவும் மின்சாரம் இழுக்காதபோது அளந்திருந்தேன். லென்ஸில் பனி படியாமல் காக்கும் ஹீட்டர், ஈரம் ஏறிய பிறகுதான் முழு வேகத்தில் ஓடும். அதையும் கேமரா கூலரையும் போட்டுவிட்டு, மவுண்டைத் திருப்பிக்கொண்டே அளந்தேன். 9.8 வோல்ட்!

அடாப்டர் இருந்த வீட்டிலிருந்து அறைக்கு 20 மீட்டர், 1.5 சதுர மி.மீ. செம்பு வயர். போக வர 40 மீட்டர், கிட்டத்தட்ட 0.47 ஓம். 5 ஆம்பியர் ஓடினால் 2.3 வோல்ட் வழியிலேயே தொலைகிறது.

எலக்ட்ரீஷியனை வைத்து 230 வோல்ட் லைனையே குழாயில் மண்ணுக்கடியில் இழுத்து, மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் போட்டு, அடாப்டரை அறைக்குள் கொண்டுவந்தேன். அதே 60 வாட்டுக்கு இப்போது அந்தத் தூரத்தில் ஓடுவது 0.3 ஆம்பியருக்கும் குறைவு. மவுண்டுக்கு ஒரு மீட்டர் தடித்த வயர் போதும். முழு லோடில் 11.9 வோல்ட் நிற்கிறது. நேற்று விடியும் வரை ஒரு ரீசெட் கூட இல்லை, அப்பாடா.