ஐபிஎஸ் (எரிச்சல் குடல் நோய்) வயிற்றோடு கடலூர் போகிறவர்களுக்கு

வெளிநாட்டிலிருந்து வந்து சென்னையில் இறங்கியபின் கடலூருக்கு ரயிலா பஸ்ஸா என்று யோசிக்கவே வேண்டாம், ரயில்தான். ஈசிஆர் வழியாக பஸ்ஸில் வந்தால் அங்கங்கே கடல் தெரியும், காற்று வரும், எல்லாம் சரி. ஆனால் வண்டி எங்கே நிற்கும் என்பது டிரைவர் இஷ்டம். எழும்பூரில் ஏறினால் விழுப்புரம் வழியாக வந்து கடலூரிலேயே இருக்கிற திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் இறங்கலாம். பெட்டிக்குப் பெட்டி கழிவறை உண்டு. சுத்தமா என்று மட்டும் கேட்காதீர்கள்.

இந்த வியாதியில் ஸ்கோப் போட்டுப் பார்த்தால் குடல் ஒழுங்காகத்தான் இருக்கும். புண் இருக்காது, கட்டி இருக்காது. குடலுக்கும் மூளைக்கும் நடுவில் இருக்கிற போக்குவரத்தில்தான் கோளாறு. மற்றவர்களுக்கு உறைக்காமலே கடந்துபோகிற வாயு நமக்கு வலியாகத் தெரியும். டாக்டர்கள் 2016இல் வந்த ரோம் 4 அளவுகோலை வைத்துப் பார்க்கிறார்கள். கடைசி 3 மாதமாக வாரத்துக்கு 1 நாளாவது வயிற்றுவலி இருக்க வேண்டும். மலம் கழிப்பதை ஒட்டி வலி மாறுவது, போகிற தடவை மாறுவது, மலத்தின் தன்மை மாறுவது, இந்த மூன்றில் குறைந்தது இரண்டு சேர்ந்திருக்க வேண்டும். தொந்தரவு ஆரம்பித்து 6 மாதமாவது ஆகியிருக்க வேண்டும். சிலருக்கு மலச்சிக்கல், சிலருக்குப் பேதி, சிலருக்கு மாறி மாறி. எனக்குப் பேதி. ஊரில் சொன்னால், "எல்லாம் டென்ஷன்தான் அக்கா" என்பார்கள். டென்ஷன் இதைக் கூட்டும் என்பது உண்மைதான். அதைக் கொடுப்பவர்களே வந்து சொல்லும்போதுதான் எரிகிறது.

சாப்பாட்டில் நம் ஊர் நமக்கு ரொம்ப விரோதி இல்லை. சோறு, மீன், முட்டை, கத்தரிக்காய், பீன்ஸ், உருளைக்கிழங்கு எல்லாம் பொதுவாக ஒத்துக்கொள்ளும். வெங்காயமும் பூண்டும்தான் வம்பு. அவற்றில் இருக்கிற ஃப்ரக்டான் என்கிற சர்க்கரை வகை சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய், அங்கே கிருமிகள் புளிக்கவைத்து வாயுவாகும். என் தம்பி மனைவி, "அண்ணி, வெங்காயத்தை ஒதுக்கிட்டுச் சாப்பிடுங்க" என்றாள். பயனில்லை. ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும், அதனால் அது ஏற்கெனவே சாம்பாரில் இறங்கியிருக்கும். எண்ணெயில் கரையாது. பூண்டை எண்ணெயில் வதக்கி, பற்களை எடுத்துப் போட்டுவிட்டு அந்த எண்ணெயில் தாளித்தால் வாசனை இருக்கும், வம்பு இருக்காது. இதை வீட்டில் சமைப்பவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். இலை போட்டபின் சொன்னால் அது குற்றம் கண்டுபிடிப்பது ஆகிவிடும்.

மெல்போர்னில் உள்ள மொனாஷ் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய, ஃப்ரக்டான் மாதிரி செரிக்காத சர்க்கரைகளைக் குறைக்கிற ஃபாட்மேப் உணவுமுறையை ஊருக்குக் கிளம்புகிற வாரத்தில் ஆரம்பிக்காதீர்கள். சில வாரம் குறைத்து, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்க வேண்டிய முறை அது. நீங்கள் இருக்கும் நாட்டிலேயே உணவியல் நிபுணரோடு முடித்துவிட்டு, எது ஆகாது என்று தெரிந்துகொண்டு வாருங்கள். பண்ருட்டிப் பலா, மாம்பழம், முந்திரி மூன்றையும் ஒரே கோடையில் பார்த்தால் மனசு கேட்காது என்பதால் ஜனவரி நல்லது.

இப்போது பத்திரப்பதிவு ஆபீஸ்.

அம்மா வீட்டில் என் பங்கை விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று தம்பி ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தான். "நாளைக்குப் பசங்களுக்குள்ள பேச்சு வரக்கூடாது இல்ல அக்கா." நியாயம்தான். படுத்த படுக்கையாகக் கிடந்த அம்மாவைப் புரட்டித் துடைத்தவன் அவன். நான் பாரிஸிலிருந்து பணம் அனுப்பினேன். அப்படிப்பட்டவன், "நல்ல காரியத்துக்குப் போறோம், வெறும் வயித்தோட போகக்கூடாது" என்று இலை போட்டால் எந்த வாயால் வேண்டாம் என்பது? இட்லி, கத்தரிக்காய் கொத்சு, வடைகறி, கடைசியில் டிகிரி காபி. வயிறு நிறைந்தால் பெருங்குடல் அசைவது எல்லா மனிதருக்கும் இயற்கை. காலையில் அது கூடுதல், காபியும் எண்ணெயும் சேர்ந்தால் இன்னும் கூடுதல். நமக்கோ அது அவசரம்.

டோக்கன் காலை நேரத்துக்கு. போனால் சர்வர் இல்லை. எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, வந்தால் அந்த நிமிஷம் நாம் இருக்க வேண்டும். போட்டோ, கைரேகை, இரண்டு சாட்சிகள். பெஞ்சில் உட்கார்ந்து சுவரில் ஒட்டியிருந்த கட்டண விவரத்தைப் படித்துக்கொண்டே இருந்தேன். பின்பக்கம் கழிவறை இருந்தது, பூட்டியும் இருந்தது. சாவி வைத்திருப்பவர் பேங்குக்குப் போயிருக்கிறாராம். "அது ஸ்டாஃப்புக்கும்மா" என்றார் இன்னொருவர், இருக்கிற சாவியையே மறுப்பதுபோல. தம்பி குனிந்து, "கொஞ்சம் அடக்கிக்கோ அக்கா, இப்ப விட்டா வேற நாள்தான்" என்றான். அடக்க முடியாது என்பதைத்தான் இவ்வளவு வருஷமாகப் போனில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எதிரில் இருந்த பத்திர எழுத்தரின் மனைவி ஒன்றும் கேட்காமல் வீட்டுக்குள் கூட்டிப்போனார். நான் உள்ளே இருக்கும்போதுதான் எங்கள் நம்பரைக் கூப்பிட்டார்கள். ஓடிவந்து விரலை வைத்தால் ஈரம், கருவி ரேகையை எடுக்கவில்லை. புடவையில் துடைத்துத் துடைத்து வைத்தேன். தம்பி என்னைப் பார்க்கவில்லை, சாட்சிகளைப் பார்த்துச் சிரித்தான். பத்திரத்தில் இருக்கிற போட்டோவில் வியர்வை தெரிகிறது.

ஆகவே, முடிந்தால் நீங்கள் இருக்கும் நாட்டின் இந்தியத் தூதரகத்திலேயே பவர் பத்திரம் எழுதி அனுப்புங்கள். பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். நேரில்தான் போக வேண்டும் என்றால் முந்தின நாளே ஒரு நடை போய்க் கழிவறை எங்கே, சாவி யாரிடம் என்று பார்த்துவிடுங்கள். காலையில் கஞ்சி போதும். காபியை வேலை முடிந்தபின் குடிக்கலாம். லோபரமைடு ஒத்துக்கொள்கிறவர்கள், டாக்டர் சொன்ன அளவில், கிளம்புவதற்கு முக்கால் மணி நேரம் முன்பு போட்டுக்கொள்ளலாம். பேதியை நிறுத்தும், வலிக்கு உதவாது. காய்ச்சலோ ரத்தமோ இருந்தால் அதைத் தொடக்கூடாது. மாத்திரைச் சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் பெயரையும் எழுதி வாங்குங்கள். குடல் பிடிப்புக்கான மாத்திரையை மெபெவெரின் என்று கேட்டால் இங்கே கிடைக்கும்.

எல்லாவற்றையும் ஐபிஎஸ் தலையில் போடவும் கூடாது. காய்ச்சல், மலத்தில் ரத்தம், தூக்கத்திலிருந்து எழுப்புகிற பேதி, காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, இதில் எது இருந்தாலும் டாக்டரைப் பாருங்கள். புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் ஆஸ்பத்திரி இருக்கிறது. ஊர்த் தண்ணீரில் தொற்றிய வயிற்றுப்போக்குக்கு முதலில் ஓஆர்எஸ். அப்படி ஒரு தொற்றுக்குப் பிறகுதான் சிலருக்கு ஐபிஎஸ்ஸே ஆரம்பிக்கிறது என்பதால் தண்ணீர் விஷயத்தில் வெட்கப்படாதீர்கள். "நம்ம வீட்டுத் தண்ணிதானே" என்று செம்பை நீட்டினாலும் காய்ச்சியதாகக் கேளுங்கள்.

தங்குவதற்குப் புதுச்சேரி நல்லது, கடலூர் பக்கம்தான், அறையில் கழிவறை உங்களுடையது. கடற்கரைச் சாலையில் நடக்கும்போது அவசரம் வந்தால் ஏதாவது காபிக் கடைக்குள் நுழையலாம். காபி வாங்கினால்தான் கழிவறை, காபி குடித்தால் மறுபடி கழிவறை, அதையும் கணக்கில் வையுங்கள். சொந்த ஊரில் ஓட்டலில் தங்கினால் உறவுகள் கோபித்துக்கொள்வார்கள். தம்பியும் கோபித்துக்கொண்டான்.

அடுத்த தடவை என்ன சமைக்கட்டும் என்று அவனே வாட்ஸ்அப்பில் கேட்டான். சோறு, பொரித்த சங்கரா, கத்தரிக்காய், பூண்டை எடுத்த தாளிப்பு என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். இரண்டு நீல டிக் விழுந்திருக்கிறது.