ஜப்பான் பட்டாளத்து பீங்கான்: சோர் பஜார்ல ஏமாறாம வாங்குறது எப்படி

மூணு வருஷம் முன்னாடி ஒரு வெள்ளிக்கிழமை விடியக்காலைல மும்பை சோர் பஜார்ல ஒரு குட்டி சாக்கே கப் (சாக்கேன்னா ஜப்பான் அரிசி மது) வாங்கினேன், 2,800 ரூபா. உள்ள சூரியக் கொடி, ஒரு ஃபைட்டர் விமானம், சுத்தி சிவப்புல ஜப்பான் எழுத்து. "காமிகாசே பைலட் கடைசியா குடிச்சது சாப்"னு கடைக்காரர் சொன்னாரு, விமானத்தோட போய் எதிரி கப்பல்ல மோதி சாகுற தற்கொலைப்படை அது, நானும் தலையாட்டிட்டு சயான் கோலிவாடா வரைக்கும் மடியிலயே வெச்சு பத்திரமா கொண்டுவந்தேன். வீட்டம்மா அழுக்கா இருக்கேன்னு நெயில் பாலிஷ் ரிமூவர்ல பஞ்ச நனைச்சு ஒரு தேய் தேய்ச்சா, விமானத்தோட வாலு பஞ்சுல ஒட்டிக்கிட்டு வந்துடுச்சு.

அதனால முதல் டெஸ்ட் அதுதான். சூளைல வெச்சு சுட்ட கலர் அந்த ரிமூவர்ல இருக்கிற அசிட்டோனுக்கு அசையாது, பழைய வெள்ளைக் கப்ப வாங்கி மேல பெயின்ட் அடிச்சது உடனே கரையும். கப் பழசுதான், படம்தான் புதுசு, இந்த மாதிரி பாதி நிஜம் பாதி டூப்புதான் நிறைய சுத்துது. வாங்குறதுக்கு முன்னாடி கேட்டுட்டு ஓரமா ஒரு புள்ளில மட்டும் தொட்டுப் பாருங்க, வேணாம்னு கடைக்காரர் பதறினாலே விஷயம் புரிஞ்சிடும்.

இந்த சாமானெல்லாம் ஏன் மண்ணுல செஞ்சாங்கன்னு தெரிஞ்சிக்கிட்டா பாதி வேலை முடிஞ்சுது. ரெண்டாம் உலகப் போர் சமயம், 1941ல ஜப்பான் அரசாங்கம் உலோகம் சேகரிக்க ஒரு ஆணை போட்டுச்சு, கோயில் மணி வரைக்கும் உருக்கப் போச்சு. அப்புறம் இரும்பு, அலுமினியம் இருந்த இடத்துக்கெல்லாம் பீங்கான் வந்துச்சு, சேத்தோ, அரிதா, பிசென்னு காலங்காலமா டீ கப்பும் ஜாடியும் செஞ்ச ஊருங்க பட்டாளத்துக்கு செஞ்சுது. 1945ல நாணயம் கூட பீங்கான்ல அடிச்சாங்க, புழக்கத்துக்கு வர்றதுக்குள்ள போர் முடிஞ்சுபோச்சு. அவசரத்துல மலிவா செஞ்சது, அதனால அசல் சாமான் பெரும்பாலும் சப்புன்னுதான் இருக்கும். பட்டாளக் களை ரொம்ப சொட்டுச்சுன்னா சந்தேகப்படுங்க.

சாக்கே கப் விஷயத்துல ஒண்ணு சொல்லணும். அசல்ல முக்கால்வாசி சண்டைக்குப் போன கப்பே இல்ல. பையன் பட்டாளத்துல சர்வீஸ் முடிச்சு ஊருக்கு வந்தா சொந்தக்காரங்களுக்கும் அக்கம்பக்கத்துக்கும் ஞாபகார்த்தமா குடுப்பாங்க, நம்ம வீட்டு விசேஷத்துல பேர் அடிச்ச எவர்சில்வர் டப்பா குடுக்கிறோமே அதேதான். அதனால ரெஜிமென்ட் நம்பர், அந்தப் பையன் குடும்பப் பேரு, செர்ரிப் பூ, நட்சத்திரம், கொடி, இந்த மாதிரிதான் பெரும்பாலும் இருக்கும். காமிகாசே, மண்டை ஓடு, சாமுராய்னு இருந்தா கீழ வெச்சிடுங்க. லூப்ல, அதாவது குட்டி பூதக்கண்ணாடில, பாக்கும்போது கலர் பொடிப் பொடி புள்ளியா, பேப்பர் போட்டோ மாதிரி தெரிஞ்சா அது இந்தக் காலத்து பிரின்ட் ஸ்டிக்கர். கப்ப சாய்ச்சு டார்ச் அடிங்க, கையால எழுதின எனாமல் லேசா மேடா நிக்கும், தங்க விளிம்பு உதடு படுற இடத்துல அதிகமா தேஞ்சிருக்கும்.

வருஷம் எழுதியிருந்தா படிக்கிறது கஷ்டமில்ல. ஒரு கோடு ஒண்ணு, ரெண்டு கோடு ரெண்டு, மூணு கோடு மூணு, கூட்டல் குறி பத்து, மத்த நம்பரை போன்ல போட்டோ எடுத்து டிரான்ஸ்லேட் ஆப்ல பாத்துக்கலாம். ஷோவாங்கிறது அப்போதைய ஜப்பான் சக்கரவர்த்தி ஆட்சி வருஷக் கணக்கு, அதோட 1925ஐ கூட்டுங்க, ஷோவா 16னா 1941. பட்டாளத்தையே 1945ல கலைச்சாச்சு, அது ஷோவா 20, அதனால 'ஷோவா 23 ராணுவக் கப்'புன்னு எவனாவது நீட்டினா சிரிச்சிட்டு நடைய கட்டுங்க.

இப்ப அடிப்பக்கம், எனக்கு ரொம்பப் புடிச்ச இடம். போர்க்காலத்துல பாத்திரங்களுக்கு அரசாங்கக் கட்டுப்பாட்டு நம்பர் போட்டாங்க, ஒரு எழுத்து, பக்கத்துல ஒரு நம்பர். கிஃபூ மாகாணத்து எழுத்தோட இடது பாதி நம்ம திரிசூலத்தோட மேல்பாதி மாதிரி மூணு கம்பியா நிக்கும், அது மலைங்கிற எழுத்து, ஒருதடவை பாத்தா மறக்காது. சேத்தோவுக்கு வேற எழுத்து. ஆனா வீட்டுப் பாத்திரத்துக்கும் இதே நம்பர்தான், நம்பர் இருந்தா போர்க்காலம்னு சொல்லலாம், பட்டாளம்னு சொல்ல முடியாது. பட்டாளம்னா தரைப்படைக்கு நட்சத்திரம், கடற்படைக்கு நங்கூரம், அது மெஸ் கிண்ணத்துலயும் தட்டுலயும் வரும். 'மேட் இன் ஜப்பான்'னு இங்கிலீஷ்ல இருந்தா எக்ஸ்போர்ட் சரக்கு, 'ஆக்குபைட் ஜப்பான்'னா போருக்கு அப்புறம், 1952 வரைக்கும் உள்ளது.

கப் உக்கார்ற அடி வளையத்துல கிளேஸ், அதாவது கண்ணாடி மாதிரி மேல்பூச்சு, இல்லாத வெறும் மண்ணு தெரியும், அங்க அழுக்கு எப்படி உக்காந்திருக்குன்னு பாருங்க. எண்பது வருஷத்து அழுக்கு ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் கம்மின்னு திட்டுத்திட்டா இருக்கும். டீ டிக்காஷன்லயோ ஷூ பாலிஷ்லயோ பழசாக்கினது சுத்தி ஒரே கலர், சோப்புத் தண்ணில ஊறவெச்சா தண்ணி பிரவுனாகும்.

எல்லாரும் விடுறது ஒண்ணு இருக்கு, போஎய்ஷொக்குன்னு சொல்ற சாப்பாட்டு ஜாடி. தகர டின்னுக்கு பதிலா வந்தது, மூடியும் பீங்கான், நடுவுல ரப்பர் வளையம், சூடு ஆறினதும் உள்ள வேக்யூம் ஆகி மூடி தானா இறுகிக்கும். திறக்கிறதுக்குன்னு மூடி நடுவுல ஒரு இடத்தை மெல்லிசா விட்டிருப்பாங்க, ஆணியால குத்துனா காத்து போய் மூடி கழண்டுடும். மூடில ஓட்டைன்னு விலை குறைச்சா வாயத் திறக்காம வாங்கிடுங்க, யாரோ உள்ள இருந்ததை சாப்பிட்டாங்கன்னு அர்த்தம்.

அடுத்து எல்லாரும் கேக்குற கிரெனேடு, பீங்கான்ல செஞ்ச கையெறி குண்டு. டைப் 4னு பேரு, போரோட கடைசில செஞ்சது, ஐவோ ஜிமா, ஒகினாவா தீவுச் சண்டைகள்ல பயன்படுத்தினாங்க. சுமார் 8 சென்டிமீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், கழுத்து வெச்ச உருண்டை, வாய்ல ரப்பர் மூடி. வெள்ளை, பிரவுன், கிளேஸே இல்லாததுன்னு பல தினுசு, பாத்தா ஊறுகா ஜாடிதான். இதை நான் வாங்கறதில்ல, நீங்களும் வேணாம். 1959 ஆயுதச் சட்டத்துல 'அம்யூனிஷன்' வரையறையிலேயே கிரெனேடும் அதோட பாகமும் வருது, காலி ஓடுதானேன்னு கஸ்டம்ஸ்ல வாதாட எனக்கு வயசு பத்தாது. பழைய சாமான் கடைல ரப்பர் மூடியோட எதையாவது பாத்தா திறக்காதீங்க, குலுக்காதீங்க, தள்ளி வந்து 112க்கு போன் போடுங்க.

விலை பத்தி சொல்லணும்னா, சோர் பஜாரோட மட்டன் ஸ்ட்ரீட்ல கடைங்க வெள்ளிக்கிழமை லீவு, ஆனா அன்னைக்குதான் தெருவுல தார்ப்பாய் விரிச்சு சாமான் கொட்டுவாங்க, டார்ச்சோட ஆறு மணிக்கு முன்னாடியே போயிடுங்க. 'ஜப்பான்'ங்கிற வார்த்தை உங்க வாய்லேர்ந்து வரக்கூடாது. என்கிட்ட இருக்கிறதுலயே நல்ல கிண்ணம் 150 ரூபா, நங்கூரம் போட்டது, கடைக்காரர் அதுல ஸ்க்ரூ போட்டு வெச்சிருந்தாரு. ஸ்க்ரூவையும் சேத்து எடுத்துக்கோன்னாரு, எடுத்துக்கிட்டேன்.