திரையில் அம்மனும் அடியாரும்: விமர்சனம் எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சமயப் பாத்திரங்களின் வழியே ஆண், பெண் நிலையைத் திரைப்படங்கள் எவ்வாறு காட்டுகின்றன என்று எழுத முற்படும் வடசென்னை இளைஞர்கள் பலர் முதலில் சறுக்குவது அம்மன் படங்களில்தான். தெய்வம் பெண்ணாக இருப்பதாலேயே படம் பெண்ணை உயர்த்துகிறது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அத்தகைய படங்கள் பலவற்றில் சூலம் ஏந்துவது தெய்வம். பக்தையோ அடிபட்டு, அழுது, மண்சோறு தின்று, தன்னை வதைத்த கணவனின் உயிரையே கடைசியில் வரமாகக் கேட்கிறாள். தெய்வத்தின் அதிகாரத்தைப் பக்தையின் கணக்கில் வரவு வைக்கக் கூடாது. அவளாக எடுத்த முடிவால் கதை எங்கேனும் திரும்பியதா என்று பார்க்க வேண்டும்.

பெண் அடியார்களின் வாழ்வைத் 'தியாகம்' என்று ஒரே சொல்லில் அடைப்பதும் தவறே. 1953இல் வெளிவந்த 'ஔவையார்' படத்தில், மணவாழ்வை விரும்பாத இளம்பெண் பிள்ளையாரிடம் வேண்டி முதுமையைப் பெறுகிறாள். திருமணத்தை மறுக்கும் பெண்ணுக்குக் கிழவியாவதைத் தவிர வேறு வழி இல்லாத ஒரு சமூகத்தை அக்காட்சி காட்டிக்கொடுக்கிறது; படம் அதை உணர்ந்து காட்டியதா என்பது வேறு கேள்வி.

மூலக் கதையைப் படிக்காமல் படத்தைப் புகழ்வதோ பழிப்பதோ கூடாது. பெரியபுராணத்தில் சுந்தரர் மணக்கும் சங்கிலியார், ஞாயிறு என்னும் ஊரில் பிறந்து திருவொற்றியூரில் வாழ்ந்தவர். அவரைப் பிரியேன் என்று இறைவன் முன் சத்தியம் செய்ய வேண்டிய சுந்தரர், அந்தச் சத்தியம் தம்மைக் கட்டாதிருக்க, கருவறையை விட்டு அந்நேரம் மகிழ மரத்தடிக்குப் போய்விடுமாறு இறைவனிடமே கேட்டுக்கொள்கிறார். இறைவனோ சங்கிலியாரின் கனவில் தோன்றி, மகிழடியிலேயே சத்தியம் வாங்கச் சொல்கிறார். வாக்கை மீறி ஊர் எல்லையைக் கடந்த சுந்தரர் பார்வை இழக்கிறார். ஆணின் வாக்குக்குச் சாட்சி கேட்கும் இந்தப் பெண்ணைத் திரைக்கதை வெறும் நாணம் நிறைந்த மணமகளாகச் சுருக்கினால், அது புராணத்தின் குறையன்று, எழுதியவரின் குறை.

உடையைப் பாத்திரமென எண்ணுவதும் பரவலான பிழை. வெள்ளை உடுப்பு அணிந்த கன்னியாஸ்திரீ என்றால் சாந்தம், புர்கா என்றால் அச்சம் அல்லது ஆள்மாறாட்டம் என்று காட்டும் படங்களை, ராயபுரத்திலும் மண்ணடியிலும் பள்ளி நடத்தும், கடையில் பேரம் பேசும் பெண்களைத் தினமும் பார்ப்பவர்கள் கேள்வியின்றி ஏற்பது வியப்பே.

ஆண்களை விட்டுவிடுவதும் தவறு. கோழைப் பூசாரி, கைபிசையும் பாதிரியார் ஆகியோரைக் கேலிப்பொருளாக்கி, சண்டையிடும் நாயகனை மட்டும் 'ஆம்பளை' ஆக்குவதும் பாலினச் சித்திரிப்புத்தான்.

சாமியாட்டக் காட்சிகளில்தான் கூடுதல் கவனம் தேவை. ஆடி மாதக் கூழ்வார்ப்பில் அருள் வந்து ஆடும் பெண்ணிடம், மற்ற நாளில் அவளை அதட்டும் ஆண்களும் கைகட்டிக் குறி கேட்பதுண்டு. அதை மனநோயாகவோ நகைச்சுவையாகவோ குறுக்கும் படத்தைப் பற்றி எழுதும்போது, கேமரா அவள் முகத்தில் நிற்கிறதா, சிரிக்கும் நாயகன் முகத்தில் நிற்கிறதா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அருள் இறங்கிய பின் அவளுக்கு ஒரு வசனமாவது இருக்கிறதா என்றும் பாருங்கள்.