ஓசூர் சிப்காட்டில் கான்ட்ராக்ட் வேலையா?

ஓசூர், பர்கூர் சிப்காட் கம்பெனிகளில் கான்ட்ராக்டில் சேரும் தம்பி தங்கைகளே, உற்பத்தி லைனில் நின்று செல்ஃபி, ரீல்ஸ் எடுக்கவே வேண்டாம். பின்னால் தெரியும் உதிரிபாகம் இன்னும் சந்தைக்கே வராததாக இருக்கலாம். அன்றைக்கே கேட் பாஸை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள்.

பழக்கமில்லாத மெஷினை ஓட்டச் சொன்னால், "சார், இதுக்கு எனக்கு ட்ரெயினிங் தரல" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். விரல் போனால் திரும்ப வராது.

லீவை லைன் லீடர், கான்ட்ராக்டர் சூப்பர்வைசர் இருவரிடமும் முந்தின நாளே சொல்லுங்கள். சம்பளம் பற்றி முதலில் கான்ட்ராக்டரிடம்தான் பேச வேண்டும். அவர் இழுத்தடித்தால் தயங்காமல் கம்பெனி எச்.ஆரிடம் எழுதிக் கொடுங்கள். கான்ட்ராக்டர் தராத கூலியைத் தரும் பொறுப்பு சட்டப்படி அந்தக் கம்பெனிக்கு உண்டு. உங்கள் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கணக்குக்கான நிரந்தர எண்ணான யு.ஏ.என். எண்ணையும் கேட்டு வாங்கிவிடுங்கள், கான்ட்ராக்டர் மாறினாலும் அதே எண்தான்.