டீடெயிலிங் கடையை விட்டுத் தனியாக இறங்குகிறீர்களா? மலையில் செய்யக்கூடாத தவறுகள்

ஊட்டி, குன்னூர் பக்கம் டீடெயிலிங் கடையில், அதாவது காரை உள்ளும் புறமும் நுணுக்கமாகச் சுத்தம் செய்து பளபளப்பாக்கும் கடையில், கொஞ்ச வருஷம் வேலை பார்த்தவர்கள் எல்லோரும் போடும் கணக்கு ஒன்று உண்டு. ஒரு காருக்கு முதலாளி வாங்குவது இவ்வளவு, என் கைக்கு வருவது இவ்வளவு, மீதி எங்கே? நியாயமான கேள்விதான். ஆனால் வாடகை, கரன்ட் பில்லோடு அது முடிவதில்லை. கீறல் விழுந்தால் வண்டிக்காரருக்குப் பதில் சொல்வதும், காயாத காரை ராத்திரி ஷெட்டுக்குள் நிறுத்துவதும் அந்த மீதியில்தான் அடக்கம். இதைக் கழிக்காமல் வேலையை விடுவதுதான் முதல் தவறு.

அடுத்தது, பெயின்டைப் பாதுகாக்க அதன் மேல் பூசும் செராமிக் கோட்டிங்கை வீட்டு வாசலில் போடுவது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். மதியம் வெயில் அடிக்கும், சாயங்காலத்துக்குள் மிஸ்ட் இறங்கிவிடும். சில்லிட்ட பானெட்டில் படிந்த ஈரம் கண்ணுக்கே தெரியாது. அதன் மேல் கோட்டிங் சரியாகப் பிடிக்காது. இறுகுவதற்குள் தண்ணீர் பட்டால் வட்ட வட்டமாகத் தடம் நிற்கும், எடுக்க மறுபடி பாலிஷ்தான்.

அந்த பாலிஷிலும் கவனம் வேண்டும். கம்பெனி பெயின்டின் கிளியர் கோட், அதாவது நிறத்துக்கு மேலே இருக்கும் கண்ணாடி மாதிரி அடுக்கு, பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). தடிமன் மீட்டர் வாங்காமல் மிச்சம் பிடிக்காதீர்கள். அது எல்லா அடுக்கையும் சேர்த்துத்தான் காட்டும். ஒரு கதவில் 120, பக்கத்துக் கதவில் 85 என்று காட்டினால் யாரோ முன்பே தேய்த்திருக்கலாம். அங்கே வேகமாகச் சுற்றித் தேய்க்கும் ரோட்டரி பாலிஷ் மெஷினை வைக்கவே வேண்டாம்.

ஊட்டியிலிருந்து குன்னூருக்கு இறங்கிய வண்டியின் வீலில் உடனே பிரஷர் வாஷரை அடிப்பதும் தப்பு. இறக்கத்தில் பிரேக் பிடித்துச் சூடான டிஸ்க் வளைந்துபோகலாம். ஆறும்வரை உள்ளே வேக்குவம் போடுங்கள்.

உண்மையில் மலையில் தனி ஆளுக்கு நம்பிக்கையான வேலை காருக்குள்ளேதான் இருக்கிறது. மழை மாதங்களில் சீட் பெல்ட்டை முழுக்க இழுத்துப் பாருங்கள், சுருளுக்குள் இருந்த பகுதியில் பூஞ்சைப் புள்ளி தெரியும். இதைச் சுத்தமாக எடுத்துக் கொடுத்தால் டாக்ஸிக்காரர்கள் திரும்ப வருவார்கள். ஆனால் சீட்டில் ஷாம்பூவை ஊற்றித் தேய்க்காதீர்கள். ஃபோமுக்குள் இறங்கிய தண்ணீர் இந்தக் குளிரில் லேசில் காயாது, அப்புறம் நாற்றம்தான். கொஞ்சமாகத் தெளித்து, எக்ஸ்ட்ராக்டரால் உறிஞ்சி எடுத்து, ஹீட்டரையும் ஏசியையும் சேர்த்து ஓடவிட்டால் ஈரம் வெளியேறும்.

ஏப்ரல், மே கூட்டத்தை நம்பியும் வேலையை விடாதீர்கள். சுற்றுலா வந்தவர் இங்கே காரை ஒரு நாள் முழுக்க விட்டுவைக்க மாட்டார். லீவு நாளில், முதலாளியிடம் சொல்லிவிட்டே, தெரிந்தவர்களின் வண்டியில் உள்வேலையை எடுத்துப் பழகுங்கள். கடை கஸ்டமர் நம்பரை மட்டும் கொண்டுவர வேண்டாம். சின்ன ஊர், நாளைக்கே முதலாளி காதுக்குப் போய்விடும்.