பனை உழவாரனா, நாட்டு உழவாரனா? வானத்தில் பார்த்தே பிரித்தறிவது எப்படி

திருநெல்வேலி டவுனில் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் அண்ணாந்து பார்த்தால், கோபுரத்தைச் சுற்றிக் கீச்சிட்டபடி சின்னக் கரும்பறவைகள் சுழலும். நாங்குநேரி, திசையன்விளை பக்கம் பனங்காட்டுக்குள் போனால் அங்கேயும் அதே மாதிரி ஒன்று பறக்கும். பலர் இரண்டையும் ஒன்று என்றே நினைக்கிறார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். கோபுரத்தில் இருப்பது நாட்டு உழவாரன், பனையில் இருப்பது பனை உழவாரன்.

முதலில், அது உழவாரன்தானா என்று உறுதி செய்யுங்கள். மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருந்தால் அது தகைவிலான் என்ற வேறு பறவை. உழவாரன் கம்பியில் உட்காராது. அதன் சின்னக் கால்கள் சுவரிலும் ஓலையிலும் தொற்றிக்கொள்ள மட்டுமே உதவும். பறக்கும்போது இறக்கை பன்னரிவாள் போல வளைந்து, விறைப்பாக இருக்கும்.

அடுத்தது இடுப்பு. வால் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே பளிச்சென்று வெள்ளைப் பட்டை தெரிந்தால் நாட்டு உழவாரன். இதைவிட நம்பகமான அடையாளம் வேறில்லை. பனை உழவாரனுக்கு அந்த வெள்ளை கிடையாது, உடம்பு முழுக்கச் சாம்பல் கலந்த பழுப்பு. சிக்கல் என்னவென்றால், கீழே நின்று பார்க்கும் நமக்கு அதன் முதுகு தெரியாது. வெளிச்சமான வானத்துக்கு எதிரே எல்லாமே கறுப்புதான். அதனால் வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். பறவை திரும்பும்போது ஒரு பக்கமாகச் சாயும். அந்த ஒரு நொடியில் இடுப்பைப் பாருங்கள். மொட்டை மாடி இன்னும் நல்லது. அதைவிட நல்லது தாமிரபரணிப் பாலம். ஆற்றின் மேல் பூச்சி பிடிக்கத் தாழப் பறக்கும்போது முதுகு நமக்குக் கீழே போகும். கீழிருந்து மட்டும்தான் பார்க்க முடிகிறதா? தொண்டையைப் பாருங்கள். நாட்டு உழவாரனுக்கு அது வெள்ளை.

அப்புறம் வால். நாட்டு உழவாரனின் வால் குட்டை, நுனி வெட்டிவிட்டது போல நேராக இருக்கும். விரித்தால் விசிறிபோல் வட்டமாகும். பனை உழவாரனுக்கு வால் நீளம், நுனி இரண்டாகப் பிரிந்து ஆழமான கவையாக இருக்கும். தொடக்கத்தில் எல்லோரும் தவறுவது இங்கேதான். பனை உழவாரன் நேராகப் பறக்கையில் வாலை மூடிக்கொள்ளும். அப்போது கவை தெரியாது, ஊசி மாதிரி ஒற்றை முனைதான் தெரியும். சட்டென்று திரும்பும்போது வால் விரிந்து கவை வெளிப்படும், அதுவரை பொறுத்திருங்கள்.

உடல்வாகும் உதவும். இரண்டும் ஏறக்குறைய 13 சென்டிமீட்டர்தான். ஆனால் பனை உழவாரன் ஒல்லி, இறக்கையும் குறுகல். நாட்டு உழவாரன் கட்டையான, திரண்ட உடம்பு.

இருக்கும் இடத்தைக் கடைசியாகத்தான் கணக்கில் எடுக்க வேண்டும் என்பேன். குளத்தின் மேல் ஈசல் கிளம்பினால் இரண்டும் கலந்தே பறக்கும். ஆனால் கூடு பொய் சொல்லாது. நாட்டு உழவாரன் கோபுரம், மண்டபம், பாலத்தின் அடிப்பகுதி என்று கட்டடங்களில் கூட்டமாகக் கூடு கட்டும். இறகும் வைக்கோலும் எச்சிலால் ஒட்டியிருக்கும். பனை உழவாரன் பனையோலையின் அடிப்பக்கத்து மடிப்பில், பஞ்சையும் இறகையும் எச்சிலால் ஒட்டிச் சின்னக் கூடு வைக்கும். முட்டையையும் அதோடு ஒட்டிவிடும். காற்றில் ஓலை எப்படி ஆடினாலும் முட்டை விழாது. எனக்கு இன்றைக்கும் இது அதிசயம்தான்.

அதனால் காவோலை, அதாவது காய்ந்த ஓலை, தொங்கும் பனையைப் பார்த்தால், தள்ளி நின்று பத்து நிமிடம் கவனியுங்கள். பறவை வேகம் குறையாமல் வந்து சட்டென்று ஓலைக்குள் மறையும். உங்கள் தோட்டத்துப் பனையில் ஓலை கழிப்பதாக இருந்தால், ஏறுகிற அண்ணாச்சியிடம் கூடு இருக்கும் ஓலையை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள். குஞ்சு பறந்ததும் கழித்துக்கொள்ளலாம்.